ஹைகிளியர் மாளிகையில் தேநீர்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஊரிலிருந்து அம்மா லண்டன் வந்திருக்கிறார். ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே மாலைத் தேநீரும் சாப்பிடலாம் என்று யோசனை. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரியின் கைவண்ணம் அது. ஆனால் அம்மாவை இழுப்பது நிலவறையில் இருக்கும் எகிப்தியக் கண்காட்சிதான். 1922-இல் எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டருக்குப் பணம் கொடுத்த கார்னர்வான் பிரபுவின் வீடாயிற்றே! அம்மா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. அங்கிருக்கும் ஊழியர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அம்மாவுக்கு முட்டை, ஜெலட்டின் இரண்டும் ஆகாது. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை வைத்துச் சமாளிக்கலாம். ஸ்கோன் (தேநீரோடு தரும் சின்ன ரொட்டி) மேல் முட்டை தடவியிருப்பார்களே, கேக் பற்றிக் கேட்கவே வேண்டாம். முட்டையில்லாமல் யாருக்காவது செய்து கொடுத்தார்களா? முன்பதிவின்போதே சொல்ல வேண்டுமா?

அப்புறம் முழங்கால் வலி. படுக்கையறைகள் மாடியில், எகிப்தியப் பொருட்கள் கீழே. படிகள் செங்குத்தாக இருக்குமா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? நடுவில் உட்கார இடம் கிடைக்குமா?

நியூபரி ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து டாக்சி என்று திட்டம். திரும்பி வரவும் டாக்சியை முன்பே சொல்லி வைக்க வேண்டுமா?

சுற்றிப் பார்த்த பிறகு தேநீரா, முதலில் தேநீரா, எது வசதி?