பெண்டுலம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன்: நானே சொல்லிவிடலாமா, பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட வேண்டுமா?

செம்பூர்_சயின்ஸ்

மும்பை செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பதினோரு வருட சர்வீஸ். வகுப்பில் 54 பேர், பீரியட் 35 நிமிடம், அட்டெண்டன்ஸும் "மிஸ் தண்ணி" எல்லாம் போக கையில் நிற்பது 28 என்று வையுங்கள்.

இந்த வருடம் மேனேஜ்மென்ட் எங்களை இரண்டு நாள் டிரெய்னிங்குக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் புதுச் சட்டம்: டீச்சர் பதில் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும். கோ-ஆர்டினேட்டர் மேடம் கடைசி பெஞ்சில் ஒரு ஃபார்மோடு உட்கார்ந்து நான் எத்தனை நிமிடம் பேசுகிறேன் என்று குறிக்கிறார். பத்தைத் தாண்டினால் சிவப்பு.

போன வாரம் பெண்டுலம். ஒன்பது குரூப் பிரித்து, நூலும் ஹார்ட்வேர் கடை நட்டும் கொடுத்து, பி.டி. சாரிடம் கெஞ்சி ஸ்டாப்வாட்ச் வாங்கி வந்து, "ஒரு தடவை போய்த் திரும்பி வர ஆகும் நேரம் எதனால் மாறும்? நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சந்தைக்கடை. ஒரு குரூப் நூலைக் குறைத்து, கூடவே நட்டையும் கூட்டிவிட்டது. இன்னொன்று நட்டுக்குக் கீழே நட்டாக சரம் சரமாகக் கட்டியது. ஒரு பையன் நட்டைப் படுக்கை மட்டத்துக்குத் தூக்கிவிட்டு "மிஸ், தூரமா இழுத்தா டைம் ஜாஸ்தி ஆகுது" என்றான். நான் "இல்லை, மறுபடி பார்" என்று உளறிவிட்டேன், அதற்கும் ஒரு சிவப்பு. பெல் அடிக்கும்போது போர்டில் நான்கு விதமான விடை. மறுநாள் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "எடை" என்கிறார்கள். கைடு வைத்திருந்த மூன்று பேருக்கு மட்டும் நூலின் நீளம் என்ற சரியான விடை தெரிந்தது!

மேடமிடம் சொன்னால் "பரவாயில்லை, எக்ஸ்ப்ளோர் பண்ணுகிறார்கள்" என்கிறார். யூனிட் டெஸ்ட் பேப்பர் திருத்துவது நான்தானே.

ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம் இது. சொல்லிக் கொடுப்பது அவ்வளவு பெரிய பாவமா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் யாராவது மனசாட்சிப்படி சொல்லுங்கள்.

தாராவி_ஓய்வு

டீச்சர், நான் மாநகராட்சித் தமிழ் வழிப் பள்ளியில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பாவமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் "ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஐந்து நிமிடம் சொன்னால் அது அறிவிப்பு, ரயில்வே ஸ்டேஷனில் சொல்வது மாதிரி. யார் காதில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

நேரடிக் கற்பித்தல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பெயர் வைத்துச் சொல்லித் தரவில்லை, ரொம்பப் பிற்பாடு ஒரு பயிற்சியில் ரோசன்ஷைன் என்ற அமெரிக்கர் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களின் வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து எழுதியவர். நேற்று நடத்தியதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுத் தொடங்கு, சின்னச் சின்னத் துண்டாகக் கொடு, ஒரு துண்டு முடிந்ததும் எல்லாரையும் சோதி, நீ செய்து காட்டு, சேர்ந்து செய், அப்புறம் தனியாக விடு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் பெரிய சார் செய்ததுதானே இது.

பின்னம் நடத்தும்போது நான் "புரிந்ததா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டால் 50 தலையும் ஆடும். "சிலேட்டில் எழுது, சொல்லும்போது தூக்கு" என்பேன். ஒரே பார்வையில் யார் யார் 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் மணிக்கணக்காகப் பேசுகிறவரும் இருக்கிறார். அவரைக் காட்டித்தான் இப்போது எல்லாருக்கும் சேர்த்து வாயைக் கட்டுகிறார்கள்.

மான்குர்த்_லோக்கல்

டீச்சர், முதலில் அந்தப் பையனிடம் ஒரு மன்னிப்பு கேளுங்கள் 🙂 அவன் சொன்னது சரி. எவ்வளவு தூரம் இழுத்து விட்டாலும் நேரம் மாறாது என்று நாம் சொல்வது சின்னக் கோணத்துக்குத்தான். 60 டிகிரிக்கு இழுத்தால் சுமார் 7 சதவீதம் கூடும், படுக்கை மட்டம், அதாவது 90 டிகிரி என்றால் சுமார் 18 சதவீதம். ஸ்டாப்வாட்சில் தாராளமாகத் தெரியும். சரமாகக் கட்டிய குரூப்பும் பொய் சொல்லவில்லை: கீழே கீழே கட்டினால் எடையின் மையம் இறங்குகிறது, பெண்டுலம் நீளமாகிவிடுகிறது, நேரம் கூடுகிறது. அவர்கள் அளந்தது நீளத்தை, பெயர் வைத்தது எடை என்று. ஒரே கொக்கியில் எல்லா நட்டையும் ஒன்றாக மாட்டச் சொல்லியிருந்தால் குழப்பமே வந்திருக்காது.

நான் மான்குர்த் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் சில பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன், ஆய்ந்து கற்கும் முறையில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனாலேயே உங்கள் பள்ளியின் "பத்து நிமிடம்" சட்டத்தைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம். 1972ல் மத்தியப் பிரதேசத்தில் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை ஓடியது. பிள்ளைகள் கையில் இருந்த பால் வைஞானிக் என்ற பாடப் புத்தகத்தைப் பார்த்தீர்களானால் படிக்குப் படி கை பிடித்துக் கூட்டிப் போவது தெரியும்: இதை இப்படிக் கட்டு, அட்டவணையில் எழுது, இப்போது இந்தக் கேள்விக்குப் பதில் சொல். நூலைக் கொடுத்துவிட்டு ஓடிப் போகிற வேலை அங்கே இல்லை.

உங்கள் முதல் குரூப் செய்தது, அதாவது இரண்டையும் சேர்த்து மாற்றியது, இதற்கென்றே ஒரு ஆய்வு இருக்கிறது. 2004ல் கிளார், நிகம் இருவரும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேரிடம் செய்தது. சரிவுப் பலகையில் பந்து உருட்டுகிற சோதனை. "ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்" என்பதைப் பாதிப் பேருக்கு நேரடியாகக் காட்டி விளக்கினார்கள், மீதிப் பேரைத் தாங்களே செய்து பார்க்க விட்டார்கள். நேரடியாகச் சொல்லப்பட்டவர்களில் 77 சதவீதம் பேர் பிடித்துக்கொண்டார்கள், விடப்பட்டவர்களில் 23.

ஸ்வெல்லர் முதலான கற்றல் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணமும் எளிதுதான். புதிதாகக் கேட்கும் விஷயத்தை மனதில் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் தாங்க முடியும். நூல் நீளம், நட்டு, கோணம், எண்ணிக்கை, வாட்ச், பக்கத்தில் சண்டை போடுகிறவன் எல்லாம் சேர்ந்தால் யோசிப்பதற்கு மனதில் இடம் எங்கே? அதே ஆட்கள்தான், விஷயம் தெரிந்தவனுக்கு ஓயாமல் விளக்கம் கொடுப்பதும் அவனுக்குச் சுமைதான் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதைச் சொல்ல எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: கருவியைச் சொல்லிக் கொடுங்கள், விடையை வைத்துக்கொள்ளுங்கள். எப்படி எண்ணுவது, எங்கிருந்து எங்கே அளப்பது, ஒன்றை மட்டும் மாற்றுவது, இதெல்லாம் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டியவை இல்லை. ஒரு நட்டுக்கும் ஐந்து நட்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது என்று பார்த்து வாய் பிளப்பதை மட்டும் அவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள்.

ரெண்டு_வால்_அம்மா

டீச்சர்கள் சண்டையில் ஒரு அம்மா குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் பெரியவள் போவாய் பக்கம் "கண்டுபிடித்துக் கற்கும்" பள்ளி. ஃபீஸ் கேட்காதீர்கள். பிராஜெக்ட் எல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு நான்தான் கண்டுபிடிக்கிறேன். அப்புறம் சாயங்காலம் கோச்சிங், அங்கே ஒரு சார் போர்டில் வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறார், அவருக்குத் தனி ஃபீஸ். பள்ளியில் சொல்லாததை வெளியே காசு கொடுத்து வாங்குகிறோம். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன், யாரும் பதில் போடவில்லை.

மெதுவா_ரயில்

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். மான்குர்த் சொன்ன 2004 ஆய்வு குறுகிய காலத்தது. 2007ல் டீன், கூன் இருவரும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பல வாரம் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு முறை சொல்லிக் கொடுத்ததோடு விட்டவர்களிடம் அது நிலைக்கவில்லை, திரும்பத் திரும்பத் தாங்களே செய்து பழகியவர்களிடம்தான் நின்றது. ஆகவே 77ஐக் கொண்டுபோய் கோ-ஆர்டினேட்டர் மேடத்தின் முகத்தில் எறியாதீர்கள்.

மனு கபூர் என்று ஒரு கற்றல் ஆராய்ச்சியாளர், சிங்கப்பூரிலும் பிறகு சூரிக்கிலும் வேலை பார்த்தவர். முதலில் பிள்ளைகளைக் கணக்கோடு மல்லுக்கட்ட விட்டு, அவர்கள் போட்ட அரைகுறை வழிகளையே எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் பாடம் நடத்தினால் புரிதல் ஆழமாக இருக்கிறது என்று காட்டியிருக்கிறார். டீச்சர், உங்கள் போர்டில் நான்கு விடை வந்ததே, அது பொக்கிஷம். அடுத்த பீரியடில் அந்த நான்கையும் வைத்து "ஏன் வேறு வேறாக வந்தது?" என்று எடுத்திருக்கலாம். திணறலோடு நிறுத்தியதுதான் தப்பு என்று நினைக்கிறேன், திணற விட்டது தப்பில்லை.

தாராவி_ஓய்வு

தம்பி, நீங்கள் சொல்வது நடக்கும், பெல் அடிக்காத பள்ளியில். 54 பேரைத் திணற விட்டால் திணறுவது யார் என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே பத்துப் பிள்ளைகளாக இருக்கும். மற்றவன் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிவிடுவான். அந்தப் பத்துப் பேருக்கும் அதில் ஒரு ஆழமும் கிடைக்காது, "எனக்கு வராது" என்பது மட்டும் நன்றாகப் பதியும்.

மெதுவா_ரயில்

அது நியாயம் சார். கபூரும் அதற்கேற்ற மாதிரி கணக்கைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார், பிள்ளைக்கு ஏதோ ஒரு வழியாவது தோன்றுகிற மாதிரி. ஒன்றுமே தெரியாத இடத்தில் இல்லை.

செம்பூர்_சயின்ஸ்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு பீரியட் கேட்டு வாங்கி மறுபடி செய்தேன், என்ன ஆயிற்று என்று எழுதிவிடுகிறேன்.

முதல் பீரியடில் பெண்டுலத்தையே எடுக்கவில்லை. "அம்மா டீயில் தூளையும் சர்க்கரையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டாள், டீ நன்றாக இருக்கிறது, எதனால்?" என்று தொடங்கி, ஒன்றை மட்டும் மாற்றுவது என்றால் என்ன என்று நானே சொன்னேன், போர்டில் இரண்டு பெண்டுலம் வரைந்து "இது நியாயமான சோதனையா?" என்று எட்டு ஜோடி காட்டினேன். சிலேட்டுக்குப் பதில் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம், ஆம்/இல்லை எழுதித் தூக்க வேண்டும். தாராவி சார், மூன்றாவது ஜோடியில் 20 நோட்டு தப்பு! நான் என் பாட்டுக்குப் போயிருந்தால் தெரிந்தே இருக்காது. திரும்பச் சொன்னேன். எட்டாவதில் நான்கு தப்பு. பிறகு அலைவை (ஒரு தடவை போய்த் திரும்பி வருவதை) எண்ணுவது, நூலின் நீளத்தை நட்டின் நடு வரை அளப்பது, எல்லாம் செய்து காட்டினேன். மேடத்தின் ஃபார்மில் அன்று 19 நிமிடம். சிவப்போ சிவப்பு.

அடுத்த பீரியட் கிட்டத்தட்ட நான் பேசவே இல்லை. 25 சென்டிமீட்டர் வைத்த குரூப்புக்கு 20 அலைவு ஏறக்குறைய 20 நொடி, ஒரு மீட்டர் வைத்தவர்களுக்கு 40. நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு என்று ஒரு பெண் தானாகவே கேட்டாள், அதற்கு நான் பதில் சொல்லவில்லை, வேண்டுமென்றே. ஒன்பதில் ஏழு குரூப் நீளம்தான் என்று வந்தது. மீதி இரண்டில் ஒன்று ஒரு பக்கம் போவதையே ஓர் அலைவு என்று எண்ணியிருந்தது, எவ்வளவு காட்டினாலும் அப்படி ஒரு குரூப் இருக்கத்தான் செய்யும் போல.

அந்தப் பையனிடம் வகுப்பு முன்னாலேயே சொன்னேன், அன்று நீ சொன்னது சரி, மிஸ்தான் தப்பு என்று. ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நூல் கட்டி அவனையே செய்யச் சொன்னேன். கொஞ்சமாக இழுத்தபோது ஐந்து அலைவு 10 நொடி, படுக்கை மட்டத்திலிருந்து விட்டபோது 11 நொடிக்கு மேல். மொத்த வகுப்பும் ஜன்னல் பக்கம் ஓடிவிட்டது. கோ-ஆர்டினேட்டர் மேடமும் எழுந்து வந்து இன்னொரு தடவை விடச் சொன்னார், ஃபார்ம் பெஞ்சிலேயே கிடந்தது. அதற்காகச் சட்டம் ஒன்றும் மாறவில்லை, அடுத்த வாரமும் வருவாராம்.

அடுத்தது மின்சுற்று. பேட்டரி, பல்பு, வயர். இதில் நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய கருவி எது, வைத்துக்கொள்ள வேண்டிய விடை எது? ஷார்ட் சர்க்யூட் ஆகி வயர் சுடும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவேன், அதைக் கண்டுபிடிக்கவெல்லாம் விட மாட்டேன்.

தாராவி_ஓய்வு

முதலில் வயரின் முனையில் பிளாஸ்டிக்கைச் சீவக் கற்றுக்கொடுங்கள். பாதிப் பேருக்குப் பல்பு எரியாமல் போவது அதனால்தான், அவர்கள் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பல்பின் எந்த இரண்டு இடத்தைத் தொட்டால் எரிகிறது என்பதைச் சொல்லாதீர்கள்.