அதே அறிவியல் பாடத்தை மறுபடி நடத்தியவர்கள் உண்டா?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். மூத்தவளுக்கு 7 வயதில், வேதாகமத்தின் ஆதியாகமம் 1-ல் வரும் ஆறு நாள் படைப்பின் வரிசைப்படி அமைந்த அறிவியல் பாடத்திட்டத்தை நடத்தி முடித்தோம். இப்போது அவளுக்கு 11, தம்பிக்கு 7. இருவருக்கும் சேர்த்து அதையே மறுபடி எடுக்க ஆசை.

மூன்றாம் நாள், செடிகள்: தம்பி விதை முளைப்பதைப் பார்த்துப் படம் வரைந்தால் போதும். அக்கா வெளிச்சத்தில் ஒரு செடி, இருட்டில் ஒரு செடி வைத்து, தினமும் உயரம் அளந்து, ஒளிச்சேர்க்கை வரை போகலாம். அவளுக்கு இப்போது "ஏன்" என்ற கேள்விதான் அதிகம், அதை அணைத்துவிடக் கூடாது.

நான்காம் நாள், சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள்: இதில்தான் திணறுகிறேன். ஈர்ப்பு விசை, சந்திரன் ஏறத்தாழ 29.5 நாளில் வளர்ந்து தேயும் கணக்கு எதுவும் அந்தப் பாடப் புத்தகத்தில் இல்லை.

இப்படி மறுபடி நடத்தியவர்கள் பெரிய பிள்ளைக்கு என்ன சேர்த்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.