மறு: பர்மாத் தாத்தா – வசூல் பற்றி

அண்ணன்மார், மதினிமார் எல்லாருக்கும் வணக்கம்.

பர்மாத் தாத்தாவின் எலும்பை ஊருக்குக் கொண்டுவர ஆளுக்கு இருநூறு டாலர் கேட்டு வந்த மடலைப் படித்தேன். அவர் என் தாத்தாவின் அண்ணன், இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் செத்துப்போன சிப்பாய். அவர் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் எந்த எலும்பை, எங்கே தோண்டி எடுக்கப் போகிறோம்?

இறந்த இடத்திலேயே அடக்கம் என்பது முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே போரில் இறந்த பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்களின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விதி. ஊருக்கு அனுப்புவதில்லை. அதிலும் இந்து, சீக்கியச் சிப்பாய்களைக் களத்திலேயே எரித்திருக்கிறார்கள். நாகாலாந்தின் கோஹிமாவில் அப்படி எரித்த 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னமே இருக்கிறது. கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களை ரங்கூனுக்குப் பக்கம் தௌக்கியானில் பொறித்திருக்கிறார்கள். தாத்தா பெயர் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கீழத்தெரு மாமா, கேரளத்து எலந்தூர்ச் சிப்பாய் தாமஸ் செரியனைப் பாருங்கள் என்கிறார். 1968-ல் இமாச்சல மலையில் ரோதாங் பக்கம் விழுந்த விமானப்படை விமானத்தில் போனவர், 2024-ல் வீடு வந்து சேர்ந்தார். சியாச்சினில் 1984-ல் காணாமல் போன சந்திரசேகரும் 2022-ல் கிடைத்தார். ராணுவ நம்பர் பொறித்த வில்லைதான் காட்டிக்கொடுத்தது. மாமா, அவர்களைப் பனி காப்பாற்றி வைத்திருந்தது. எரித்த சாம்பலில் டிஎன்ஏ தேடி என்ன கிடைக்கும்?

நம்மால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கும். நம் பெயர்களை வெள்ளைக்காரன் இஷ்டத்துக்கு எழுதியிருப்பான். ஆகவே தாத்தாவின் ராணுவ நம்பர் வேண்டும். அது பெரிய பாட்டியின் பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் மேலவீட்டுத் தகரப்பெட்டியில். பொங்கலுக்குப் போன என் தங்கச்சி பார்த்தாளாம்: பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டை, அட்டையில் கறையான். கேட்டு மனசு ஆறவில்லை. பாகப்பிரிவினைச் சண்டை அப்புறம் இருக்கட்டும், அண்ணே. யாரையாவது அனுப்பி முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பெயர் கிடைத்தால் தௌக்கியான் போய்க் கும்பிட்டு வர நான் தயார், என் செலவில்.

பொருளாளர் அண்ணனுக்கு: இதுவரை எவ்வளவு வந்தது, யார் கையில் இருக்கிறது? இந்த வாரமே எழுதுங்கள். திருவிழாக் கொட்டகைக் கணக்கு மாதிரி இதையும் இழுக்க விடமாட்டேன்.