பாப்-மெகானிகா: இந்தக் களேபரத்துக்குள் இசையை எங்கே தேடுவது?

நள்ளிரவு_வானொலி கேட்டது:
சோவியத் ரஷ்யப் பியானோ கலைஞர் செர்கேய் குர்யோகின் நடத்திய பாப்-மெகானிகா என்ற கலவைக் குழுவின் கச்சேரி வீடியோக்கள் சில கிடைத்தன. ராக் குழு, ராணுவ பேண்டு, ஓபரா பாடகர், மேடையில் ஆடு, வாத்து. எல்லாம் ஒரே இரைச்சலாகக் காதில் விழுகிறது. முன்கூட்டியே அமைத்தது எவ்வளவு, அந்த நேரத்தில் வந்தது எவ்வளவு? எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது? ஒரு கோஷம்கூட இல்லாத இதை ஏன் அரசியல் என்கிறார்கள்?

தாளக்கட்டு:
முதல் தடவை பேஸையும் டிரம்ஸையும் மட்டும் கேளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். 1984இல் லெனின்கிராதில் தொடங்கியபோதிருந்தே அடித்தளம் ராக் ஆட்கள்தான். கினோ, அக்வாரியும் குழுக்களிலிருந்து வந்தவர்கள். ஒரு சின்ன ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கை, எடுத்துக்கொண்டு, குர்யோகின் சைகை காட்டும்வரை அதையே வாசிப்பார்கள். அதன் மேல் பித்தளை வாத்தியங்கள், தந்தி வாத்தியங்கள், சாக்சபோன் எனத் துண்டு துண்டாக ஏறும், இறங்கும். ரிஃப்பும் பித்தளைப் பகுதியும் ஒத்திகை பார்த்தவை. சாக்சபோன் தனி வாசிப்பு அப்போதைக்கு வருவது. ஆடு என்ன செய்யும் என்று ஆட்டுக்கே தெரியாது.

வீடியோவில் கூட்டத்தைப் பார்க்காமல் குர்யோகினின் கையையும் காலையும் கவனியுங்கள். கீபோர்டை விட்டு எழுந்து குதிப்பது கூத்துக்காக மட்டும் இல்லை. மேடையின் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமே. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி சுமார் 30 மில்லிவிநாடி பிந்தித்தான் முன்னால் வரும். நுணுக்கமான தாளக் கணக்கு வைத்தால் அங்கேயே சிதறிவிடும். ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப வந்தால் பின்வரிசை வந்து ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

இரைச்சலுக்குப் பாதிக் காரணம் பதிவு. அரங்கில் வைத்த கேமரா மைக்கில் பித்தளையும் டிரம்ஸும் வயலினை விழுங்கிவிடும். ஈக்வலைசரில் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மூன்று நான்கு டெசிபல் குறைத்துப் பாருங்கள், கொஞ்சம் தெளியும்.

பழைய_நாடா:
ஊத்யுகோனை விட்டுவிட்டீர்களே. மேசைப் பலகையிலிருந்து இஸ்திரிப் பெட்டிகளைத் தொங்கவிட்டுச் செய்த கருவி. ஓவியர்கள் திமூர் நோவிகவ், இவான் சோத்னிகவ் கைவேலை. மேடையில் எங்கோ இரும்பு உருளுவதுபோலக் கேட்டால் அது இதுவாக இருக்கலாம்.

கேட்கும் வரிசை: முதலில் குர்யோகினின் 'தி வேஸ் ஆஃப் ஃபிரீடம்' ஆல்பம், 1981, வெளியிட்டது லண்டன் லியோ ரெக்கார்ட்ஸ் நிறுவனம். தனி பியானோ. சோவியத்திலிருந்து கமுக்கமாக வெளியே போன நாடா. அதனால்தான் 'வெளியீட்டுக்கு இசைக்கலைஞர் பொறுப்பல்ல' என்று அந்த நிறுவனம் உறையில் அச்சிட்டது, அவரைக் காப்பாற்ற. இந்தக் கையின் வேகம் பழகிய பிறகு அவரும் வாசித்த, அக்வாரியும் குழுவின் 'ரேடியோ ஆப்ரிகா' ஆல்பம் (1983). கச்சேரிகள் கடைசியில். நேராகக் கச்சேரியில் குதித்ததுதான் உங்கள் சிக்கல்.

செங்கல்:
அரசியலுக்கு வருகிறேன். லெனின்கிராத் ராக் கிளப்பில் பாட்டு வரிகளுக்குத் தணிக்கையின் முன்ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது, அதற்கு 'லித்தோவ்கா' என்று பெயர். வரியே இல்லாத இசையில் எதை வெட்டுவது? ராணுவ பேண்டை பங்க் ஆட்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினாலே போதும், அந்தச் சீருடையின் மிடுக்கு கலைந்துவிடும். கோஷம் போட்டிருந்தால் இவ்வளவு குத்தியிருக்காது என்பது என் எண்ணம்.

1991இல் 'ஐந்தாம் சக்கரம்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பத்திரிகையாளர் செர்கேய் ஷோலகவ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, லெனின் ஒரு காளான் என்று குர்யோகின் முகம் மாறாமல் 'நிரூபித்தார்'. மேற்கோள், வரைபடம், அறிஞர் தோரணை எல்லாம் உண்டு. கச்சேரியில் செய்த அதே வேலைதான்: அதிகாரத்தின் குரலை அப்படியே எடுத்து, தப்பான இடத்தில் வைப்பது.

ஆனால் 1995இல், தீவிரத் தேசியவாதியான அலெக்சாண்டர் தூகின் ரஷ்ய நாடாளுமன்றமான தூமாவுக்குப் போட்டியிட்டபோது, அவருக்கு ஆதரவாகப் பீட்டர்ஸ்பர்கில் பாப்-மெகானிகா எண் 418 நடத்தினார். அதையும் பகடி என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. தூகினின் தேசிய போல்ஷெவிக் கட்சியில் குர்யோகின் சேர்ந்தே இருந்தார். தூகினுக்கு ஒரு சதவீத ஓட்டுகூட விழவில்லை என்பது வேறு கதை.

நள்ளிரவு_வானொலி:
நன்றி. 418 கச்சேரி நடத்தினாரா!

செங்கல்:
இல்லை இல்லை. ஆங்கிலேய மாந்திரீகர் அலெய்ஸ்டர் குரோலியின் மாந்திரீக எண் அது. அந்தக் கச்சேரிக்கு அடுத்த ஆண்டு, 1996 ஜூலையில், 42 வயதில், இதயப் புற்றுநோயில் குர்யோகின் இறந்துபோனார்.