பள்ளி மேடையில் தழைப்பாவாடை: அட்டப்பாடியை நம் பிள்ளைகள் எப்படி அறிவது?

அகளி ஆசிரியை:
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து மலைப்பகுதியான எங்கள் அட்டப்பாடியில், பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவில், கோவைப் பக்கமிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, இடுப்பில் தழை கட்டி, ‘ஆதிவாசி நடனம்’ ஆடினார்கள். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடிகளின் மண்ணில் தலைமுறைகளாக வாழ்ந்தும் நமக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று கூச்சமாக இருந்தது. அவர்களுடைய ஊர்த் தலைவர்களான மூப்பர்களையே அழைத்து வாரம் ஒரு வகுப்பு நடத்தலாம் எனப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன்.

சோலையூர் விவசாயி:
டீச்சர், தங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் உடன்பட முடியவில்லை. மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே திணறும் பிள்ளைகளுக்கு நான்காவது சுமை எதற்கு? இருளர் பேச்சு நம் தமிழின் கொச்சை வடிவம்தானே, பழகினால் தானே வந்துவிடும். இருளர் பாடகி நஞ்சம்மாவுக்குத் திரைப்பாடலுக்கான தேசிய விருதே கிடைத்துவிட்டது. மதிப்பு தானாக வருகிறது.

முக்காலி வாசகர்:
ஐயா, கொச்சை என்ற சொல்லைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1970-களிலேயே இருளர் மொழியை விரிவாக ஆராய்ந்து, அது தமிழுக்கு நெருங்கிய உறவுடைய, ஆனால் தனித்து நிற்கும் தென் திராவிட மொழி என்று எழுதினார். நமக்குப் பாதி புரிகிறது என்பதாலேயே ஒரு மொழி நம்முடையதன் சிதைவாகிவிடாது. அப்படிப் பார்த்தால் மலையாளியும் நம்மைப் பற்றி ஏதாவது சொல்லலாம். விருதைப் பற்றிச் சொன்னீர்கள். 2022-இல் அது அறிவிக்கப்பட்டபோது, முறையாகச் சங்கீதம் பயின்றவருக்கே தந்திருக்க வேண்டும் என்று வாதிட்டவர்களையும் நினைவில் வையுங்கள்.

ஊர்ப்பிள்ளை:
நான் இருளர் ஊரில் பிறந்தவன். தழைப்பாவாடை யாருடைய உடை என்று எனக்கும் தெரியாது. என் பாட்டி மார்புக்கு மேல் சேலை கட்டிக் காட்டு வேலைக்குப் போனவர். தவிலும், கொகல் என்ற ஊதுகுழலும் எங்களிடம் கொண்டாட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல, சாவு வீட்டிலும் இசைத்து ஆடுவோம். எந்தத் தாளம் எதற்கு என்று கேட்காமல் மேடையேற்றினால், பரிசளிப்பு விழாவில் இழவுப் பாட்டு ஒலிக்கும்.

மேலும், எங்கள் பண்பாடு ஆட்டத்தில் மட்டும் இல்லை. ஊரில் தலைவராக மூப்பன், பொருளாளராக வண்டாரி, மூப்பனுக்கு உதவியாகக் குருதலை, பிறகு மண்ணுக்காரன் என்று பொறுப்புகள் உண்டு. விதைப்புச் சடங்கை நடத்துபவர் மண்ணுக்காரன். சாமையும் ராகியும் விளையும் நிலம் இருந்தால்தான் அவருக்கு வேலை. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினரான நாங்கள், 2011-இல் பாதிக்கும் குறைவு. எங்கள் நிலம் கைமாறுவதைத் தடுக்க 1975-இல் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 1986-இல்தான் வந்தன. இந்தப் பதினோரு ஆண்டுக் கதையையும் அந்த வகுப்பில் சொல்வீர்களா, டீச்சர்?

சோலையூர் விவசாயி:
தம்பி, கொச்சை என்று சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தாத்தா விலை கொடுத்து வாங்கிய காட்டை உழுதுகொண்டிருக்கும் என் பேரன் வகுப்பில் குற்றவாளியைப் போல உட்கார வேண்டுமா? பண்பாட்டைக் கற்பியுங்கள், நிலத் தகராறை வருவாய்த்துறைக்கு விட்டுவிடுங்கள்.

ஊர்ப்பிள்ளை:
பேரனை யாரும் குற்றம் சொல்லவில்லை, ஐயா. சிவராத்திரியில் மல்லீஸ்வரன் முடி என்ற மலையுச்சியில் விளக்கேற்றும் உரிமை முடுகர்களுக்கே உரியது. அடிவாரத்தில் நின்று அந்த விளக்கைப் பார்க்கிறீர்களே, ஏன் அவர்கள் மட்டும் மேலே போகிறார்கள் என்று பேரன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இந்த மலையின் மேல் அவர்களுக்கிருக்கும் உரிமையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

அகளி ஆசிரியை:
நிலத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுப்பதாக இருந்தால், அது தழைப்பாவாடையின் இன்னொரு வடிவமாகிவிடும் என்று இப்போது தோன்றுகிறது. முதல் வகுப்புக்கு மண்ணுக்காரரை அழைத்து, விதைப்புக் காலத்தில் பள்ளிக்கு வெளியே, ஒரு சாமைக் காட்டிலேயே நடத்தக் கேட்கிறேன். சோலையூர் ஐயா, தங்கள் பேரனையும் அனுப்புங்கள். தாங்களும் கூட வந்து, அங்கேயே மறுத்துப் பேசலாம்.

சோலையூர் விவசாயி:
வருகிறேன். மறுத்தும் பேசுவேன்.