சிசியில் பேர் வந்தால் செல்வாக்கா?

பட்டறைவாசி: நேத்து டேட்டா தம்பி இங்க எழுதினது இது: "கம்பெனியில் நிஜமான செல்வாக்கு யாருக்குன்னு தெரிஞ்சுக்க ஒருத்தரையும் கேக்க வேண்டாம். மூணு மாச மெயில் லாக் (யார் யாருக்கு மெயில் அனுப்பினாங்கங்கிற பதிவு) போதும். அனுப்பினவர், பெற்றவர், சிசி (தகவலுக்காக நகல் போறவர்) எல்லாருக்கும் நடுவுல கோடு போட்டா படம் வந்துடும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. சிசியையுமா எண்ணுவீங்க? நாளைக்கு "எனக்குத் தெரியவே தெரியாது"ன்னு மேனேஜர் கையை விரிச்சிடக் கூடாதுன்னு பயத்துல போடுறது சிசி. அதுல செல்வாக்கு எங்க இருக்கு?

டேட்டா தம்பி: சார், சிசிக்குப் பாதி மதிப்புதான் கொடுக்கிறோம்னு அதுலயே எழுதியிருக்கேன். முழுசா படிச்சிட்டு வாங்க. என்ரான்னு ஒரு அமெரிக்க எரிசக்தி கம்பெனி 2001 டிசம்பர்ல திவாலாச்சு. அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரிச்சு, 2003-ல அவங்க மெயில்களை வெளியிட்டுச்சு. சுமார் 5 லட்சம் மெயில். எத்தனையோ பல்கலைக்கழகத்துல அதை வச்சு இதே மாதிரி படம் போட்டிருக்காங்க. அவங்கல்லாம் முட்டாளா?

பட்டறைவாசி: அந்த 5 லட்சமும் சுமார் 150 பேரோட பெட்டி. பெரும்பாலும் மேல்மட்டம். கம்பெனியில வேலை பார்த்தது சுமார் 20,000 பேர். மிச்சப் பேர் யார் பேச்சைக் கேட்டாங்கன்னு அந்தப் பெட்டி சொல்லுமா? பாதி மதிப்பாம்! பூஜ்யத்துல பாதி எவ்வளவு தம்பி?

எச்ஆர் எழில்: மெயிலே இல்லாத காலத்துல இந்தப் படம் போட்டாச்சு. 1932-ல நியூயார்க் மாநிலம் ஹட்சன் ஊர்ல ஒரு பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து பிள்ளைங்க அடுத்தடுத்து ஓடிப்போனாங்க. மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ "யாரோட சேர்ந்து தங்க விரும்புறே"ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு, பதில்களைக் கோடா வரைஞ்சார். ஓடினவங்க அந்தக் கோடுகளால பிணைஞ்சிருந்தாங்க. 1993-ல கிராக்கார்ட், ஹான்சன்னு ரெண்டு பேர், கம்பெனி ஊழியர்கிட்ட படிவம் கொடுத்து இன்னும் தெளிவாக் கேக்கிற வழியை எழுதினாங்க: யோசனைக்கு யார்கிட்ட போறீங்க, யாரை நம்புறீங்க, யாரோட பேசுறீங்க. மூணும் தனித்தனிப் படம். வாயைத் திறந்து கேக்கணும் தம்பி.

டேட்டா தம்பி: மேடம், அந்தப் படிவத்துல பேர் போட்டுத்தான் நிரப்பணும். இல்லன்னா கோடு எங்கிருந்து எங்க போகுதுன்னே தெரியாது. பேர் போடச் சொன்னா எவன் உண்மையை எழுதுவான்? எல்லாரும் மேனேஜர் பேரைத்தான் எழுதுவான்.

எச்ஆர் எழில்: ஊழியர்கிட்ட சொல்லாம அவங்க மெயில் லாக்கை உருவுறது மட்டும் நியாயமோ? அனுமதி வாங்கினீங்களா?

புது வாசகன்: முதல்ல செல்வாக்குன்னா என்னன்னு யாராவது சொல்லுங்களேன். யோசனை சொல்றதா, முடிவை மாத்துறதா, சேதி பரப்புறதா?

பட்டறைவாசி: எழில் மேடம், உங்க படிவம் அப்புறம். முதல்ல சிசி முடியட்டும்.

தம்பிக்கு ஒரு விஷயம். சிகாகோ பக்கத்துல ஹாவ்தார்ன்னு ஒரு டெலிபோன் கருவி ஆலை. 1931 நவம்பர்ல 14 பேரை ஒரு தனி அறையில உக்கார வச்சு, கூடவே ஒரு கவனிப்பாளரையும் போட்டாங்க. ஒன்பது பேர் ஒயர் கட்டுறவங்க, மூணு பேர் சால்டர் வைக்கிறவங்க, ரெண்டு பேர் இன்ஸ்பெக்டர். ஒரு நாளைக்கு ரெண்டு கருவி முடிச்சா போதும்னு அவங்களுக்குள்ளயே பேசி வச்சிருந்தாங்க. எவனாவது அதுக்கு மேல ஓட்டினா கையில ஒரு குத்து. அந்த அறைக்குள்ளயே ரெண்டு கோஷ்டி. ஒருத்தனுக்கு ஒருத்தன் உதவக் கூடாதுன்னு விதி, ஆனா உதவிக்கிட்டாங்க. யாருக்குக் கீழே யார்னு காட்டுற ஆர்கனைசேஷன் சார்ட்டுல இதுல ஒண்ணு உண்டா? கண்ணால பார்த்தவன் எழுதி வச்சதாலதான் இன்னைக்கு நமக்குத் தெரியுது.

நான் வேலை பார்த்த ஆலையில ஸ்டோர் கிளார்க் ஒருத்தர். மெயில் ஐடியே கிடையாது. எந்த இண்டென்ட் (சாமான் கேட்டு வர்ற சீட்டு) இன்னைக்கு, எது திங்கட்கிழமைன்னு அவர் மேஜையில ரெண்டு அடுக்கா இருக்கும். பிளானிங் மேனேஜர் சிஸ்டத்துல என்ன முன்னுரிமை போட்டாலும் ஃபோர்மேன் நேரா அவர்கிட்டதான் வந்து நிப்பார். அந்த மனுஷன் உன் படத்துல எங்க?

மணியோசை: பட்டறைவாசி அண்ணே, போன வருஷம் அப்ரைசல் பெல் கர்வ் (இத்தனை பேருக்குத்தான் நல்ல மதிப்பெண்னு முன்னாடியே பிரிச்சு வைக்கிற முறை) விவாதத்துலயும் இதே ஸ்டோர் கிளார்க் வந்தார். அன்னைக்கும் கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லல.

பட்டறைவாசி: அன்னைக்கு பெல் கர்வுக்கு வக்காலத்து வாங்கினது யாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு மணி. கிளறாதே.

டேட்டா தம்பி: நான் வெறும் எண்ணிக்கை பார்க்கல சார். ரெண்டு குழுவுக்கு நடுவுல குறுக்கு வழி யார் மூலமாப் போகுதுன்னு கணக்கு இருக்கு. சமூகவியல் ஆய்வாளர் ஃப்ரீமன் 1977-லயே எழுதிட்டார். மெயில் கம்மியா அனுப்புற ஆள்கூட அதுல மேல வருவார்.

பட்டறைவாசி: அந்தக் கணக்குல சிசி கோடு இருக்கா, இல்லையா?

டேட்டா தம்பி: பாதி மதிப்போட இருக்கு.

பட்டறைவாசி: அப்ப நீயே உன் கணக்கைக் கெடுத்துட்டே. டிபார்ட்மென்ட் ஹெட்டை எல்லா மெயில்லயும் சிசி போடுறாங்க. அவருக்கும் எல்லாருக்கும் நேர்க் கோடு விழுந்துடும். நிஜமா நடுவுல நின்னு ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கிறவன் வழியா எந்தக் குறுக்கு வழியும் போகாது. செல்வாக்கு யாருக்குன்னு தேடப் போய் பழைய ஆர்கனைசேஷன் சார்ட்டையே திரும்ப வரைஞ்சிருக்கே.

டேட்டா தம்பி: கால் மதிப்பு வச்சா சரியாயிடும்.

பட்டறைவாசி: கால், அரைக்கால், வீசம்... சிசியைத் தூக்குன்னா தூக்கு!

எச்ஆர் எழில்: அனுமதி வாங்கினீங்களான்னு கேட்டேன்.

மணியோசை: பெல் கர்வுக்கு நான் வக்காலத்து வாங்கலண்ணே. பழைய பதிவைத் தேடி எடுத்துப் போடவா?

பட்டறைவாசி: போடு. அப்படியே சிசிக்கும் ஒரு முடிவு சொல்லிட்டுப் போடு.