முடிவு தெரியும் முன்பே எழுதணும்: குற்றக் கதைக்கும் மாயக் கதைக்கும் வாசிப்பு நோட்டு

(கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சொல்வது. தலைப்பில் இருப்பது அவரவர் ஊர்.)

வடசேரி

மற்ற நாவல்களுக்கு வாசித்து முடித்த பிறகு குறிப்பு எழுதினால் போதும். துப்பறியும் நாவலுக்கு அது உதவாது. கொலைகாரன் யாரென்று தெரிந்த நொடியிலேயே, அதுவரை நாம் யாரைச் சந்தேகப்பட்டோம் என்பது மனசிலிருந்து அழிந்துபோகும். "எனக்கு முதலிலேயே தெரியுமே" என்று மனசு சாதிக்கும். அதனால் முடிவுக்கு முன்னால் ஒரு முறை நிறுத்தி எழுதுவதுதான் இந்த நோட்டுக்கு உயிர். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

லாங் சைஸ், 192 பக்கம், கெட்டி அட்டை, நூல் தையல் போட்ட கோடு நோட்டு வாங்குங்கள். எல்லாப் பக்கத்துக்கும் கையால் எண் போடுங்கள். முதல் 7 பக்கம் பொருளடக்கம். 8-ஆம் பக்கம் தொடங்கி எதிரெதிரான இரண்டு பக்கம் ஒரு நாவலுக்கு. 187 வரை 90 நாவல் கொள்ளும். மிச்சம் 5 பக்கம், அதன் பயன் கடைசியில் தெரியும்.

இடது பக்கம் வாசிக்கும்போதே எழுதுவது. மேலே வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு, புத்தகம் எங்கே கிடைத்தது, தொடங்கிய தேதி. அதன் கீழே ஆட்கள்: பெயர், யாருக்கு என்ன உறவு, எந்த அத்தியாயத்தில் முதலில் வந்தார், சம்பவ நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொல்கிறார், செத்தவரின் சாவால் அவருக்கு என்ன லாபம். அதற்கும் கீழே தடயங்கள். தடயம் 12-க்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வையுங்கள். சந்தேகப்படும்படியான எல்லா வரியையும் எழுதப் போனால் நாலு பக்கம் ஓடும், வாசிப்பு நின்றுபோகும், மூன்றாவது நாவலோடு நோட்டும் நின்றுபோகும்.

தடயத்துக்குப் பக்க எண் எழுத வேண்டாம், அத்தியாய எண் எழுதுங்கள். மாத நாவலாக வந்ததே பிறகு கெட்டி அட்டைப் புத்தகமாக வரும்போது பக்கம் மாறிவிடும், அத்தியாயம் பெரும்பாலும் மாறாது. அத்தியாயமே பிரிக்காத நாவல் என்றால் மொத்தப் பக்கத்தைப் பத்தாகப் பங்கு வைத்து "பத்தில் 3" என்று குறியுங்கள்.

எப்போது நிறுத்துவது? துப்பறிகிறவர் எல்லோரையும் ஓர் இடத்தில் கூட்டும்போது, அல்லது கால் பங்குப் பக்கம் மிச்சமிருக்கும்போது, எது முந்தி வருகிறதோ அப்போது. மூன்றே வரி: யார், ஏன், எப்படி. பக்கத்தில் உங்கள் நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு. தேதி போட்டு அடியில் கோடு இழுங்கள். கோட்டுக்கு மேலே பிறகு ஓர் எழுத்துகூடத் திருத்தக் கூடாது.

வலது பக்கம் முடித்த பிறகு. ஆனால் கொலைகாரன் பெயர் இங்கே வரவே கூடாது. அதற்குத் தனியாக ஒரு 40 பக்க நோட்டு, அதே வரிசை எண்ணோடு. வீட்டில் இன்னொருவர் பெரிய நோட்டைப் புரட்டினால் அவருக்குக் கதை கெடக் கூடாது. பத்து வருஷம் கழித்து மறுவாசிப்புக்கு எடுக்கும் நமக்கும்தான். வலது பக்கத்தில் முக்கியமானது "நேர்மை" என்கிற ஒரு வரி. 1929-இல் ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிகிறவர் கண்ட தடயம் வாசகனுக்கும் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. இடது பக்கத்தில் ஆள் முதலில் வந்த அத்தியாயமும் தடயம் வந்த அத்தியாயமும் இருப்பதால், ஆசிரியர் ஏமாற்றினாரா, நாம் கவனிக்கவில்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வெறும் நட்சத்திர மதிப்பெண்ணால் இது தெரியாது.

மார்த்தாண்டம்

அண்ணே, ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் தமிழும் மலையாளமும் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்குச் சிக்கல் வருகிற இடமே அதுதான். ஒரே ஆங்கில நாவல் மூன்று மொழியில் மூன்று பெயரோடு கிடைக்கும். இருபது பக்கம் போன பிறகுதான் "இது வாசித்ததாச்சே" என்று தெரியும். ஆகவே மொழிபெயர்ப்பு என்றால் மூலத் தலைப்பு, மூலம் வந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் கட்டாயம் எழுதணும். மூலத்திலேயே இரண்டு தலைப்பு இருப்பதும் உண்டு. அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' 1934-இல் அமெரிக்காவில் 'மர்டர் இன் தி கலே கோச்' என்று வந்தது. இரண்டையும் வேறு நாவல் என்று நம்பி வாங்கிவிட முடியும்.

ஆண்டும் சில நேரம் இரண்டு வேண்டும். கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்' இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதி வைக்கப்பட்டது, அச்சில் வந்தது 1975-இல். எழுதிய வரிசையில் வைத்தால் ஓர் இடம், வெளிவந்த வரிசையில் வைத்தால் வேறோர் இடம். பொருளடக்கத்தில் வெளிவந்த ஆண்டைப் போடுங்கள், எழுதிய காலத்தை வலது பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சுருக்கப் பதிப்பு. சுருக்கும்போது முதலில் போவது கதைக்குத் தேவையில்லாதது போலத் தெரியும் வரிகள், தடயம் ஒளிந்திருப்பது அந்த வரிகளில்தான். சுருக்கத்தை வாசித்துவிட்டு ஆசிரியர் நேர்மையாக இல்லை என்று எழுதுவது அநியாயம். தலைப்புக்கு நேரே "சு" என்று போட்டு நேர்மை வரியைக் காலியாக விடுங்கள். முன்பக்கத்தில் சொல்லாமலே சுருக்கியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க மூலத்தின் அத்தியாய எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள்.

வார இதழில் தொடராக வந்து புத்தகமானதற்கு, மலையாளத்தில் கோட்டயம் புஷ்பநாத்தின் பல நாவல்கள் அப்படி, "தொ" என்று ஒரு குறி. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஒரு திடுக்கிடல் இருக்கும். அது அடுத்த வாரத்துக்கான தூண்டில், தடயம் ஆகாது. இந்தக் குறி இருந்தால் அதற்கெல்லாம் 12-இல் இடம் கொடுக்க மாட்டீர்கள்.

தக்கலை

அண்ணாச்சி சொன்ன இடது பக்கம் மாயக் கதைக்குப் பொருந்தாது. அங்கே கேள்வி யார் செய்தது என்பதில்லை, என்ன நடக்க முடியும் என்பது. ஆனால் அளவுகோல் ஒன்றேதான்: முன்னாலேயே சொல்லியிருந்தாரா? அமெரிக்க மாயக் கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் ஒரு கட்டுரையில் இதை விதியாகவே எழுதினார். மாயத்தை வாசகர் எந்த அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிறாரோ அந்த அளவுக்குத்தான் அதை வைத்துச் சிக்கலை அவிழ்க்க ஆசிரியரால் முடியும் என்பது அதன் சாரம். நாக்ஸ் தடயத்துக்குச் சொன்னதை இவர் மந்திரத்துக்குச் சொல்கிறார்.

நம்ம ஊரில் இது தெரிந்த சங்கதிதான். கள்ளியங்காட்டு நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யட்சி சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுக்கக் கூடாது, இரும்பில் வைத்து நீட்டணும் என்பது கதைக்கு முன்பே தெரியும். அதனால் கதையில் ஒருத்தன் கையை நீட்டும்போதே வயிற்றைக் கலக்கும். விதி முன்னால், பயம் பின்னால்.

ஆகவே மாயக் கதைக்கு இடது பக்கத்தை நாலாகப் பிரியுங்கள்: யாரால் முடியும், எதைக் கொண்டு முடியும், எது முடியவே முடியாது, செய்தால் என்ன விலை. ஒவ்வொன்றுக்கும் அது தெரியவந்த அத்தியாயம். நாலாவதுதான் முக்கியம். பல தொடர்களில் முதல் பாகத்தில் மந்திரம் போட்டவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடப்பான், நாலாம் பாகத்தில் அதையே இருபது முறை போட்டும் வியர்க்காது. விலையை எழுதி வைத்திருந்தால் இது பிடிபடும், இல்லாவிட்டால் ஏதோ சப்பென்று இருக்கிறதே என்பதோடு போய்விடும். மாயக் கதையிலும் கால் பங்கு மிச்சமிருக்கும்போது நிறுத்தி, இந்த விதிகளை வைத்து எப்படித் தப்புவார்கள் என்று மூன்று வரி எழுதுங்கள்.

பெயர்களை முதல் தடவை பார்த்ததும் எழுதாதீர்கள். 600 பக்க நாவலில் ஒரு தடவை வந்து செத்துப்போகிற படைவீரர்களே நாற்பது பேர் இருப்பார்கள். இரண்டாம் முறை வரும்போது எழுதினால் பட்டியல் பாதியாகும். ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்கள் பெயரைப் புத்தகத்தில் உள்ள எழுத்தில் ஒருமுறை, உங்கள் வாயில் வருகிற தமிழில் ஒருமுறை எழுதணும். தமிழில் மட்டும் எழுதினால் 'பாரன்' என்று வைத்தது ப-வா, ஃப-வா என்று அடுத்த பாகத்தில் குழம்பும்.

வரைபடம் இருந்தால் பட்டர் பேப்பரை மேலே வைத்துப் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரைப் பெயரால் குறிக்காமல் அத்தியாய எண்ணால் குறியுங்கள், போன வழி தானாகத் தெரியும். பயண நாளையும் எழுதினால், போகும்போது பத்து நாள் ஆன தூரம் வரும்போது இரண்டே நாள் ஆவதும் தெரியும்.

தொடர் வரிசையில் ஓர் எச்சரிக்கை. சி. எஸ். லூயிஸின் மாயக் கதைத் தொடரான நார்னியா 7 புத்தகம், 1950 முதல் 1956 வரை வந்தவை. கதைக் காலத்தில் முதலாவதான 'தி மெஜிஷியன்ஸ் நெப்யூ' ஆறாவதாக, 1955-இல் வந்தது. இப்போதைய தொகுப்புகளில் அதற்குத்தான் எண் 1. வெளிவந்த வரிசையில் வாசிப்பதே சரி என்பேன், ஏனென்றால் எந்த விதியை வாசகருக்கு எப்போது சொல்வது என்று ஆசிரியர் தீர்மானித்த வரிசை அது. எண்ணிக்கையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரே நாவலாக எழுதப்பட்டு 1954, 1955-இல் மூன்று தொகுதியாக வந்தது. ஒன்று என்று கொள்வதா மூன்று என்று கொள்வதா, எதுவானாலும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வருஷ நடுவில் மாற்றினால் கணக்கு நாசம்.

குளச்சல்

நோட்டு எழுதுவதைப் பற்றி எல்லோரும் சொல்லியாச்சு, நோட்டு பிழைக்கிறதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நமக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஒன்று, ஐப்பசி அடைமழை ஒன்று, இரண்டு மழை. கரையோரத்தில் உப்புக் காற்று வேறு. ஜெல் பேனா ஈரத்தில் கசியும், பின்பக்கம் ஊறும். சாதாரணப் பால்பாயின்ட் பேனா, இல்லையென்றால் பென்சில். ஸ்பைரல் கம்பி துருப்பிடித்துத் தாளை அரிக்கும். குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் பின் மூன்றும் கூடாது. மாத நாவல்களின் நடுவில் இருக்கும் பின்னைப் பாருங்கள், சுற்றிலும் பழுப்பு வட்டம் விழுந்து அந்த இடத்திலேயே தாள் கிழியும். பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டை வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போடலாம். ரப்பர் பேண்ட் உருகி அட்டையில் ஒட்டும், சுருக்குத் துணிநாடா போதும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டவே வேண்டாம், கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. கடை பில்லை ஒட்டி வைக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: வழுவழுப்பான பில் தாளில் எழுத்து வருவது சூட்டில், அது தானாகவே மங்கும், வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். தேதியையும் விலையையும் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும் நாளில் நோட்டை விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். நேர்வெயிலில் வைத்தால் அட்டை வளையும், மையும் வெளிறும்.

பூதப்பாண்டி

கணினியில் எக்செல் போன்ற விரிதாளாக வைப்பவர்களுக்கு. முதல் வில்லங்கம் தேதி. 5/6 என்று அடித்தால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்பதை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-06-05 என்று அடித்தால் தகராறு இல்லை.

இரண்டாவது அகர வரிசை. சில செயலிகள் ஒருங்குறி (யூனிகோட்) எண் வரிசையிலேயே, அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணின் வரிசையிலேயே அடுக்கும். அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ஜ என்பது ச-வுக்கு அடுத்தும் இருக்கிறது. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பிறகே வரும். அதனால் 'கண்' என்று தொடங்கும் தலைப்புகள் 'கணக்கு', 'கணை' எல்லாம் தாண்டிக் கீழே போய்விடும், காணோம் என்று தேடுவோம். தலைப்பை வைத்து அடுக்காமல் வரிசை எண்ணை வைத்து அடுக்கினால் இந்தத் தொல்லை கிடையாது.

மூன்றாவது, ஒரே ஆசிரியர் இரண்டு பேராகிப்போவது. பெயருக்கு நடுவில் ஓர் இடைவெளி, தலைப்பெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி, போதும், கணக்கில் இரண்டு ஆசிரியர். பார்வைக்கு ஒன்றாகவே தெரியும் 'கொ'-வின் ஒகரக் குறியைக்கூட ஒரே குறியீடாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவோ சேமிக்க முடியும். வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது இது நடக்கும், தேடினால் அகப்படாது. ஆசிரியர்களுக்கு ஒரு தனித் தாள், ஒவ்வொருவருக்கும் ஓர் எண், நாவல் தாளில் அந்த எண் மட்டும். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணை அடையாளமாக நம்பாதீர்கள். 2007-க்கு முன் அது 10 இலக்கம், பிறகு 13, மாத நாவல்கள் பலவற்றுக்கு அது கிடையவே கிடையாது.

வாரத்துக்கு ஒருமுறை நகல் எடுங்கள். கைநோட்டு வைப்பவர்களும் பொருளடக்கம் 7 பக்கத்தையாவது போனில் படமெடுத்து வைக்கலாம்.

கருங்கல்

மூன்று சின்ன விஷயம் விடுபட்டிருக்கிறது. சிறுகதைத் தொகுப்புக்கு இரண்டு பக்க முறை சரிப்படாது. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றால் 4 நாவல், 56 சிறுகதை. ஒரு கதைக்கு ஒரு வரி: தலைப்பு, யாரைச் சந்தேகித்தேன், சரியா தப்பா. ஒரு தொகுப்புக்கு ஒரு பக்கம் போதும்.

பாதியில் விட்ட நாவலையும் எழுதுங்கள், எந்த அத்தியாயத்தில், எதனால் என்று. "மொழிபெயர்ப்பு ஓடவில்லை" என்பதும் "கதை ஓடவில்லை" என்பதும் வேறு வேறு. முதலாவதுக்கு வேறு பதிப்பு தேடலாம்.

வடசேரி அண்ணன் மிச்சம் வைத்த 5 பக்கம் இரவலுக்கு. வரிசை எண், வாங்கிப் போனவர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. மாவட்ட மைய நூலகத்தில் எடுத்தது என்றால் தவணைத் தேதியும் அங்கேயே. தொடர்கதையின் பாகத்தை இரவல் கொடுக்கும்போது ஒருமுறைக்கு ஒரு பாகம்தான் கொடுக்கணும். முந்தையது திரும்பிய தேதி எழுதிய பிறகே அடுத்தது. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் நடுப்பாகம்தான் தொலையும், அதை மட்டும் தனியாக எந்தப் பழைய புத்தகக் கடையிலும் லேசில் வாங்க முடியாது.